வீட்டை ஒட்டி நிற்கும் தென்னையை ஆபத்தில்லாமல் எடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து 4 அடி தள்ளி ஒரு தென்னை நிற்கிறது. 40, 45 அடி உயரம் இருக்கும். ஒரு பக்கம் மின்கம்பி, இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழைக்காலம் வந்தாலே பயமாக இருக்கிறது. அடியில் ஓட்டை போட்டு ஆசிட் ஊற்றினால் தானாகச் செத்துவிடும், அப்புறம் சுலபமாகத் தள்ளிவிடலாம் என்கிறார் ஒருவர். என்ன செய்யலாம்?

பதில்:

ஆசிட் யோசனையை முதலில் கைவிடுங்கள். ஊரில் இதைச் சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். மண்ணெண்ணெய், உப்பு, களைக்கொல்லி என்று ஆளுக்கு ஒரு மருந்து வேறு வைத்திருப்பார்கள்.

உயிரோடு இருக்கும் தென்னையில் ஆள் ஏறலாம், இடுப்பில் கயிறு கட்டி நிற்கலாம், மேலிருந்து துண்டு துண்டாக இறக்கலாம். செத்த மரத்தில் இது எதுவும் முடியாது. குருத்து அழுகும், மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி விழும், ஒரு நாள் கொண்டையே கழன்று வரும். எந்த நாள், எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்டும் உள்ளிருந்து இற்றுப்போகும். வெளியே பார்த்தால் உறுதியாகத்தான் தெரியும். நல்ல மரமேறி எவரும் அதில் காலை வைக்க மாட்டார். அப்போது கிரேன்தான் வழி. உங்கள் தெருவுக்குள் கிரேன் வராது என்றால் அந்த வழியும் இல்லை. எடுப்பதென்று முடிவு செய்தால் மரம் பச்சையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், அதுவும் மேலிருந்து கீழாக. மற்றதெல்லாம் இதன் விவரம்தான்.

அதற்கு முன்னால், எடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று பார்த்துவிடலாம். வீட்டுத் தென்னையை வெட்ட நினைப்பவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி, அஸ்திவாரத்தை வேர் பெயர்த்துவிடும் என்ற பயம். அரசும் ஆலும் செய்கிற வேலை அது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து ஆயிரக்கணக்கில் விரல் பருமன் வேர்கள் கிளம்பும்; அவை வயதானாலும் பருக்காது. சுவரைத் தூக்குகிற பலம் அவற்றுக்கு இல்லை. காய் தலையில் விழும் என்பது பயம் என்றால், 45 நாளுக்கு ஒரு முறை ஆள் வைத்து முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கினால் போதும்.

சாய்ந்து நிற்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது. வெளிச்சத்தைத் தேடி வளைவது தென்னையின் இயல்பு. அடியில் சாய்ந்து, மேலே போகப் போக நிமிர்ந்திருந்தால் அது சின்ன வயதிலேயே வந்த பழைய சாய்வு. அப்படியே இன்னும் பல வருடம் நிற்கும். அடியிலிருந்து நுனி வரை நேர்கோடாக ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலோ, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் தூரை ஒட்டி மண் வெடித்து மேலே எழும்பியிருந்தாலோ அது புதுச் சாய்வு. அதைத்தான் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: சமீபத்தில் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர் என்று தூரை ஒட்டிப் பள்ளம் தோண்டினீர்களா? ஒரு பக்கத்து வேரை மொத்தமாக அறுத்துவிட்டால் அந்தப் பக்கத்துப் பிடிப்பு போய்விடும். அடுத்த பெருங்காற்றில் மரம் எதிர்ப்பக்கம் விழ வாய்ப்பு அதிகம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. வேரோடு பெயர்ந்த மரமும் உண்டு, நடுவில் முறிந்த மரமும் உண்டு. அந்தக் காற்றுக்கு நல்ல மரமே தாங்கவில்லை. பிடிப்பு போன மரத்துக்கு அவ்வளவு பெரிய புயல் தேவையில்லை.

நோய் அறிகுறிகளும் பார்க்க வேண்டும். தூரிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்துக்குள் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்து காய்ந்திருந்தால் தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். அடித்தண்டையும் வேரையும் அழுக வைக்கும் பூஞ்சை அது. தண்டில் ஓட்டைகள், அதில் மென்று துப்பிய நார், பிசின் வடிதல் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு. அதன் புழு உள்ளே தின்றுகொண்டே போகும். நடுக்குருத்து சாய்ந்திருந்தால் கொண்டைக்குள் ஒன்றுமே மிச்சமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த மூன்றில் எது இருந்தாலும் ஏறப்போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் அரிவாளின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பார். ‘டொப் டொப்’ என்று வெற்றுச் சத்தம் வந்தால் ஏற மறுப்பார். மறுக்கிறவரைக் கூடுதல் கூலி பேசிச் சம்மதிக்க வைக்காதீர்கள்.

சரி, எடுப்பது என்றே முடிவு. அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பனை என்றால் தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது அது. உங்களுடையது தென்னை, சொந்தப் பட்டா இடம் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. இருந்தாலும் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள், குறிப்பாக மரம் தெரு ஓரமாக இருந்தால். இதே நிலைமை தலைகீழாக, பக்கத்து வீட்டு மரம் உங்கள் வீட்டின் மேல் விழப்பார்க்கிறது, அவர் அசைய மாட்டேன் என்கிறார் என்று இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. விழக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 133. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 152. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

மின்கம்பிதான் உங்கள் வேலையில் மிகப் பெரிய ஆபத்து. உயரத்தை விடவும் பெரியது. பச்சை மட்டைக்குள் முழுக்க ஈரம். கம்பியில் பட்டால் மின்சாரம் அதன் வழியாக இறங்கும். இரும்பு, அலுமினியத் தொரட்டி பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே இ.பி. ஆபீசில் எழுதிக் கொடுத்து, எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை லைனை நிறுத்துவார்கள் என்று முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். மின்னகம் எண் 94987 94987-இல் சொன்னாலும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். உங்கள் வீட்டு மெயினை மட்டும் அணைத்துவிட்டு ‘கரண்ட் ஆஃப்’ என்று ஆளை ஏற்றாதீர்கள். தெருக் கம்பியில் மின்சாரம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்துத் தெருவில் கரண்ட் போனதை வைத்தும் முடிவு செய்யக் கூடாது. லைன்மேன் நேரில் வந்து, நிறுத்தியாயிற்று என்று சொன்ன பிறகுதான் முதல் மட்டையில் கத்தி பட வேண்டும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் மரத்தடியில் போகிறது என்றால் அன்று ஒரு நாள் அதைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், வருகிற ஆள் சரியாக வேலை செய்கிறாரா என்று உங்களுக்கே புரியும். வேம்பு, மா மாதிரி மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். தென்னையில் எல்லாம் தலைகீழ்: வெளிப்பக்கம் கடினம், நடுப்பகுதி நீர் ஊறிய சோறு, அதாவது மெத்தென்ற உட்பகுதி. கான்கிரீட்டில் கம்பி வைத்ததைப் போல அந்தச் சோற்றுக்குள் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. வெளிவட்டத்தில் நெருக்கமாக, நடுவில் கலைந்து. இதனால் வெட்டும்போது இரண்டு தொல்லை. ஒரு பக்கம் வாய் வெட்டி, மறுபக்கம் அறுத்து, நடுவில் விடும் பிடிப்பை நம்பி மரத்தைத் திருப்பும் வித்தை மற்ற மரங்களில் எடுபடும். தென்னையில் அந்தப் பிடிப்பை நம்ப முடியாது. திடீரென்று கிழிந்துவிடும், அல்லது நார் விடாமல் பிடித்து இழுக்கும். அடுத்தது மெஷின். கடினமான வெளிச்சுற்று செயின்சாவின் பல்லை மழுக்கிவிடும், நார் செயினுக்குள் போய்ச் சிக்கும். மொட்டைச் செயினோடு வருகிற ஆள் மேலே போய்ச் சிரமப்படுவார். இரண்டாவது செயின் கொண்டுவந்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினை, தென்னையில் கிளை இல்லை. புளியமரத்தில் மேல்கிளையில் கப்பியைக் கட்டி, கீழ்க்கிளையை அறுத்துத் தொங்கவிட்டு மெதுவாக இறக்கலாம். தென்னையில் அறுக்கிற துண்டுக்கு மேலே ஒன்றுமே கிடையாது, வானம்தான். கயிற்றைக் கட்ட வேண்டும் என்றால் அறுக்கும் இடத்துக்குக் கீழேதான் கட்ட முடியும். துண்டு விழுந்து கயிறு இறுகும்போது விழுகிற அடி மொத்தமும், ஆள் நிற்கிற அதே தண்டில் விழும். பெரிய துண்டாக இருந்தால் ஆளையே உதறிவிடும். ஆகவே தண்டைச் சிறு சிறு துண்டாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு அடி விட்டமுள்ள பச்சைத் தண்டில் 2 அடி நீளத் துண்டு 40 கிலோவைத் தாண்டும். 40 அடி உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகம். கீழே செப்டிக் டேங்க் மூடியோ சம்ப் சிலாபோ இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிரேன் உள்ளே வர இடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதையே வையுங்கள். செலவு கூடுதல்தான். ஆனால் கிரேன் கொக்கி மேலிருந்து பிடித்துக்கொள்வதால் இந்தத் தலைவலி எல்லாம் ஒரேயடியாகத் தீரும். அறுக்கிறவரை ஸ்கைலிஃப்ட் கூடையில் நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது. மரத்தின் பலத்தை நம்ப வேண்டியதில்லை. நோய்ப்பட்ட மரத்துக்கு இது ஒன்றுதான் சரியான முறை. ஜேசிபி வைத்துத் தள்ளிவிடலாம் என்று ஒரு யோசனை வரும். வெட்டவெளித் தோப்பில் அது சரி. வீட்டுச் சுவரிலிருந்து 4 அடியில் நிற்கிற 45 அடி மரத்தை, அடியில் முட்டித் தள்ளி எந்தப் பக்கம் விழ வைப்பார்கள்?

கிரேன் வராத சந்து என்றால் மரமேறிதான். காய் பறிக்க வருபவர்கள் எல்லாரும் மரம் இறக்கத் தெரிந்தவர்கள் இல்லை. இரண்டும் வேறு வேலை. வீட்டுக்கு நடுவே நின்ற மரத்தை இறக்கியிருக்கிறாரா, எங்கே என்று கேட்டு, முடிந்தால் அந்த வீட்டில் விசாரியுங்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இலிருந்து ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்று கருவி வைத்து ஏறப் பயிற்சி கொடுத்து வருகிறது. மரமேறிகளுக்கு ‘கேரா சுரக்ஷா’ என்ற விபத்துக் காப்பீடும் அந்த வாரியத்திடம் இருக்கிறது. அதில் சேர்ந்தவரா என்று கேட்பதில் தப்பில்லை. கூலியை மரத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசும்போது எதெல்லாம் அதில் அடங்கும் என்பதையும் பேசிவிடுங்கள்: மட்டையை யார் அள்ளுவது, தண்டை யார் எடுத்துப்போவது, தூரைத் தோண்டுவது யார். சண்டை வருவதெல்லாம் இந்த இடத்தில்தான்.

நாள் குறிப்பதில் அவசரம் வேண்டாம். தை முதல் வைகாசி வரை நல்ல காலம். ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் ஆளை ஏற்றக் கூடாது. முந்தின இரவு மழை பெய்திருந்தால் தண்டு வழுக்கும், ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். முதல் நாள் மாலையே கீழே நின்று கொண்டையை நிதானமாகப் பாருங்கள். கதண்டு என்கிற விஷ வண்டின் கூடு இருந்தால் அதை அப்புறப்படுத்தாமல் யாரும் ஏறக் கூடாது. கதண்டு கொட்டி உயிர் போன சம்பவங்கள் நம் ஊரில் அடிக்கடி செய்தியாக வருகின்றன. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து அழிப்பார்கள்.

அன்றைய வேலை இப்படிப் போக வேண்டும். காலையில் கார், பைக், துணிக்கொடி, தொட்டிச் செடி எல்லாவற்றையும் அகற்றி, பழைய டயர், மணல் மூட்டை கொண்டுவந்து துண்டு விழும் இடத்தில் பரப்ப வேண்டும். முதலில் இறங்கும் மட்டைகளையும் அதன் மேலேயே போட்டுக்கொள்ளலாம், நல்ல மெத்தை. பக்கத்து வீட்டாரை அந்த ஓரத்து அறையிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மேல் ஆள் நின்று மட்டையைப் பிடித்துத் திருப்பலாம் என்று யாராவது ஏறுவார், ஏறவே விடாதீர்கள். ஓடு உடைந்து உள்ளே விழுவது, மரத்திலிருந்து விழுவதற்குக் குறைந்ததல்ல.

ஏறுகிறவருக்குத் தலைக்கவசம், இடுப்புப் பட்டை, தண்டைச் சுற்றி இரண்டு தனித்தனிக் கயிறு. ஒன்று மெஷினிலோ அரிவாளிலோ பட்டு அறுந்தாலும் மற்றது பிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது கயிறு சுருக்கு முடிச்சாக இருக்க வேண்டும்; வெறும் வளையமாக இருந்தால் மொட்டைத் தண்டில் கீழே வழுகிக்கொண்டே வந்துவிடும். மெஷினை அவர் கையில் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது. மேலே போய் நிலைகொண்ட பிறகு, அணைத்த மெஷினைக் கயிற்றில் அனுப்ப வேண்டும்.

முதலில் குலைகளைக் கயிறு கட்டி இறக்குவார். ஒரு குலை 15, 20 கிலோ வரும். வெட்டிப் போட்டால் கூரைக்குச் சேதம். அடுத்து மட்டைகள், கீழ்வரிசையிலிருந்து மேலாக. ஒவ்வொன்றும் 15, 20 அடி நீளம், 10 கிலோவுக்குக் குறையாது; கம்பிப் பக்கமும் கூரைப் பக்கமும் உள்ளவற்றைக் கயிற்றில்தான் இறக்க வேண்டும். கடைசியில் குருத்தும் கொண்டையும். இந்த இடம்தான் வேலையிலேயே நெருக்கடியானது. அவ்வளவு பாரம் ஒரே நொடியில் நீங்கும்போது மொட்டைத் தண்டு முன்னும் பின்னும் வீசி ஆடும். பழகியவர் தண்டைக் கட்டிப்பிடித்து ஆட்டம் நிற்கும் வரை அசையாமல் இருப்பார். பழகாதவர் பதறிவிடுவார். காய் பறிப்பதும் மரம் இறக்குவதும் வேறு வேலை என்று சொன்னது இதனால்தான்.

அப்புறம் தண்டு. மார்பு உயரத்தில் அறுத்து, 2 அடித் துண்டாகக் கையால் தள்ளி, ஒவ்வொன்றாக மெத்தையில் விழ விட்டுக்கொண்டே இறங்க வேண்டும். தள்ளுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும், கீழே இருப்பவர் பதில் கொடுத்த பிறகுதான் தள்ள வேண்டும். பாதியில் களைப்பாகிவிட்டது, மீதி 25 அடியை ஒரே இழுப்பில் சாய்த்துவிடலாம் என்று பேச்சு வரும். நிற்கிற தண்டின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு வெற்றிடம் இருந்தால் மட்டுமே சாய்க்கலாம், கயிறு இழுப்பவர்களும் அந்த எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். உங்கள் வீட்டில் வாசல் பக்கம் 15 அடி இடம் இருக்கிறது என்றால் கடைசி 10 அடியைத்தான் அப்படிச் சாய்க்க முடியும்.

மிச்சம் தூர். தென்னை மறுபடி துளிர்க்காது. இருந்த ஒரே குருத்தும் கொண்டையோடு போய்விட்டது. ஆகவே அதற்கும் ஆசிட் தேவையில்லை. தோண்டி எடுப்பதாக இருந்தால் தரைக்கு மேல் 3 அடி விட்டு அறுக்கச் சொல்லுங்கள், நெம்புவதற்குப் பிடி கிடைக்கும். சுற்றிலும் கடப்பாரையால் தோண்டி வேரை அறுத்தால் வந்துவிடும். சுவர் பக்கம் மட்டும் கையால் தோண்ட வேண்டும், ஜேசிபி பல்லை அங்கே விடாதீர்கள். தோண்டவில்லை என்றால் தரைக்குக் கீழே அரை அடி வரை வெட்டி இறக்கி மண்ணைப் போட்டு இறுக்கமாக மூடிவிடுங்கள். திறந்தபடி மட்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். வெட்டிய தண்டின் வாசனைக்குக் கூன்வண்டும் தேடி வரும். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் தென்னை இருக்குமே! தஞ்சாவூர் வாடல் வந்த மரம் என்றால் தூரையும் வேரையும் முழுக்கத் தோண்டி எரித்தே ஆக வேண்டும், அதே குழியில் உடனே இன்னொரு தென்னை வைக்கக் கூடாது.

தண்டை விற்றுக் கூலியை ஈடுகட்டலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். முழு நீளத்தில் கிடைக்கும் வயதான மரத்துக்குத்தான் உத்திரம், கைமரம் என்று விலை உண்டு. உங்களுக்கு மிஞ்சப்போவது 2 அடித் துண்டுகள். செங்கல் சூளைக்காரர் யாராவது வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டால் நல்லது; இல்லையென்றால் இரண்டு நாளுக்குள் அப்புறப்படுத்த அந்த மரமேறியிடமே பேசி வைத்துவிடுங்கள்.